பச்சை விளக்கு எரிகிறது

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆம் திகதி, புதன்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பது. பண்டத்தரிப்பில், என் தங்கை அருந்ததியின் உடல் பந்தலின் நடுவே கிடத்தப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு இராகுகாலம் தொடங்குகிறது; அதற்குமுன் எடுத்தாக வேண்டும். தலைமாட்டில் ஒரு மடிக்கணினி. அதன் திரையில் அருந்ததியின் ஒரே மகள் கஜந்தினி, பாரிசிலிருந்து, வாய்விட்டு அழுகிறாள். விசா இல்லாதவள், வருவதற்கு வழியில்லை. அவளுடைய அழுகை எங்களுக்குக் கேட்க வேண்டுமென்று பறையை நிறுத்தியிருக்கிறோம். பெண்களும் அழுகையை அடக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒலிபெருக்கியிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. கணினியின் சொந்த ஒலி பழுது என்பதால், வீடியோக்காரன் செந்தூரன் தீப்பெட்டியளவு சவுண்ட் கார்ட் ஒன்றை அதில் செருகி, ஒலிபெருக்கிக்கு வயர் கொடுத்திருக்கிறான். அதன் பச்சை விளக்கு எரிகிறது. கழற்றி ஊதுகிறான், மறுபடி செருகுகிறான். ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்து அடங்குகிறது. அவன் கணினியின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறான்.

“நாங்கள் கதைக்கிறது அவவுக்குக் கேக்கும், ரீச்சர். அவவின்ரை சத்தம்தான் வருகுதில்லை.”

“நேற்றுப் பார்க்கேல்லையோ, தம்பி?”

“பார்த்தனான். நேற்று நல்லா வேலை செய்தது.”

“எங்கடை வாயையும் அடைச்சுப்போட்டு, உந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறம்,” என்கிறாள் அடுத்த வீட்டு யோகம்.

திரையில் கஜந்தினி கண்களைத் துடைத்துவிட்டு, தன் காதைத் தொட்டுக் காட்டுகிறாள். கேட்டதா என்று வினவுவது உதட்டசைவில் தெரிகிறது. செந்தூரனின் கையை நான் விலக்குகிறேன்.

“ஓம் பிள்ளை. எல்லாம் கேட்டது.”

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு உடலை எடுப்பதென்றும், அவளிடம் உண்மையை ஒருபோதும் சொல்வதில்லை என்றும் முடிவு செய்கிறோம்.