வெந்நீர் வைத்தியம்

"ஏங்க, அவ அடுப்பைப் பத்த வெச்சுட்டா! இப்படி மரம் மாதிரி நின்னா எப்படி? ஏதாவது சொல்லுங்களேன்!"

"நான் சொன்னா மட்டும் கேட்டுடப் போறாளா? நீ சொல்லு."

"கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு."

மகள் காதில் வாங்கினால்தானே! வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து அப்பா, அம்மா இருவரிடமும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டையும் தனியாக உட்கார்ந்து பாதியிலேயே மூடி வைத்துவிடுகிறாள். இப்போது வீட்டில் இருந்ததிலேயே பெரிய பாத்திரத்தில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. கீழே வாளியில், கடல் நீரில் மூழ்கியபடி அந்தக் கல்.

கூடத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டி அப்பாவின் உயிர். கடல் நீர், கடல் கற்கள், பவளம், குட்டிக் குட்டி மீன்கள் என்று பார்த்துப் பார்த்து வளர்த்தார். எந்தக் கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்ததோ, அனிமோன் என்று ஒன்று வந்து சேர்ந்தது. பார்க்கப் பூ மாதிரி இருக்கும். ஆனால் அது கொட்டுகிற பிராணி. பக்கத்தில் இருக்கும் பவளத்தையெல்லாம் பொசுக்கிவிடும். கிள்ளிப் போட்டாலோ தொலைந்தது, கிள்ளிய துணுக்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். அலுத்துப்போய் அப்பா கண்டுபிடித்த வைத்தியம்தான், கல்லையே எடுத்து வேகவைப்பது.

"எல்லாம் நீங்க காட்டிக் குடுத்த வழிதானே? பெரிய விஞ்ஞானி!" அம்மா பல்லைக் கடித்தாள். "அந்த ஆவி அவ மூச்சுக்குள்ள போனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு நன்றாகவே தெரியும்.

அம்மா மகளின் தோளை ஒட்டிப் போய் நின்றாள். "வேண்டாம்மா. என் கண்ணுல்ல? சொன்னா கேளு."

மகள் சட்டென்று உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். கையில் மயிர் குத்திட்டு நின்றது. "என்ன இது, திடீர்னு இப்படிக் குளிருது?" என்று முணுமுணுத்தபடி போய் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

"ஐயையோ! இருந்த ஒரே ஜன்னலும் போச்சு!"

"அவ பக்கத்துல போகாதேன்னா கேக்குறியா நீ?" என்று அப்பா எரிந்து விழுந்தார்.

அழைப்பு மணி அடித்தது. வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர். இந்த வீட்டுக்குப் புதிது. மகள்தான் போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள்.

"நல்ல வேளை, வந்தீங்க!" என்று அம்மா அவர் பின்னாலேயே ஓடினாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவளைக் கொஞ்சம் தடுத்து நிறுத்துங்க."

அவர் மகளைத்தான் பார்த்தார். "மீனையெல்லாம் எடுத்துட்டுப் போகச் சொன்னீங்களேம்மா?"

"ஆமாண்ணா. என்னால பாத்துக்க முடியாது. இந்த ஒரு கல்லை மட்டும் நான் ஊருக்குக் கொண்டு போறேன். அதுக்குத்தான் இந்தச் சனியனைக் கொல்லணும். கொதிக்கற தண்ணியில போட்டா செத்துடும்ல?"

"அனிமோன்தானே? எலுமிச்சைச் சாறை ஊசியில எடுத்து அது வாயில விடுவாங்க. ஆனா ஒவ்வொண்ணா விடறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். வெந்நீர்னா ஒரே போடு. தாராளமாப் போடுங்க."

"அடப்பாவி!" என்று அப்பா அலறினார். "கடைக்காரனாம் கடைக்காரன்! குனிஞ்சு பாருய்யா!"

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மகள் இடுக்கியை எடுத்தாள்.

அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, பாய்ந்து வாளிக்குள் கையை விட்டுக் கல்லைப் பற்றினார். தண்ணீர் கொஞ்சமும் அலுங்கவில்லை. ஆனால் விரிந்திருந்த அத்தனை அனிமோனும் ஒரே நொடியில் சுருங்கி உள்ளே போய்விட்டன.

"இதென்னம்மா கூத்து?" கடைக்காரரின் குரல் தாழ்ந்தது. "யாராவது தொட்டாத்தான் மூடும். நிழல்கூட விழலையே!"

செல்போன் வெளிச்சத்தை அடித்தபடி குனிந்தார். பூவெல்லாம் மூடிக்கொண்டதில், அடியில் மறைந்திருந்தது தெரிந்தது. பழுப்பு நிறத்தில், சட்டைப் பொத்தான்களை நெருக்கி ஒட்டியது போல ஒரு கூட்டம்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். தாவி அடுப்பை அணைத்தார். ஜன்னலைத் திறந்தார்.

"கல்லைத் தொடாதீங்க! கீழ இருக்கறது அனிமோன் இல்லம்மா, அதோட பங்காளி. இதுல சில ஜாதி பச்சை விஷம். தண்ணிக்குள்ள சாது மாதிரி கெடக்கும். வேக வெச்சா விஷம் ஆவியோட கெளம்பி மூச்சுல ஏறிடும். நானும் பாக்காம போடுங்கன்னு சொல்லிட்டேனே, நல்லவேளை! ஏம்மா, இந்தத் தொட்டிக் கல்லை யாராவது முன்னாடி வேக வெச்சாங்களா?"

மகளின் கையிலிருந்து இடுக்கி நழுவி விழுந்தது.

"போன மாசம் அப்பா ஒரு கல்லை வெச்சாரு. அம்மாவும் பக்கத்துல நின்னுட்டு இருந்திருக்காங்க." அணைந்த அடுப்பைப் பார்த்தாள். "ரெண்டு பேரையும் இதே சமையலறையிலதான் பொணமா எடுத்தோம். எதனால போனாங்கன்னு டாக்டருக்கே தெரியலண்ணா."

"இனிமே இந்த வீட்டுல ஆவி வராது," என்றார் அப்பா.

"வராது. வாங்க, நாம கெளம்பலாம்," என்றாள் அம்மா.