ஒருத்தருக்குத்தான் லீவு

"தீபாவளிக்கும் வரலை, பொங்கலுக்கும் வரலை. மெட்ராஸுக்கு வெளிச்சம் குடுக்கப் போன மனுசன், பெத்த புள்ளைக மூஞ்சியவே மறந்துட்டாரு போல."

சவரியப்பன் காதில் நன்றாக விழும்படிதான் சொன்னாள் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய். அடுத்த வீட்டு அடுப்பு எரிந்தாலும் அவளுக்குக் கவலை, எரியாவிட்டாலும் கவலை.

சவரியப்பன் துணிப்பையை அன்னக்கொடியிடம் நீட்டினான். அவள் புருஷன் முத்திருளன் கொடுத்தனுப்பியது. இருவரும் எண்ணூரில் அனல்மின் நிலையம் கட்டுகிற இடத்தில் வெல்டர்கள். சவரியப்பனுக்கு ஊர் பரவை. பொங்கலன்று காலை ரயிலை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கோச்சடைக்கு வந்திருந்தான்.

பைக்குள் பிள்ளைகளுக்குத் துணி. அடியில், தைப்பதற்காக முத்திருளனின் கிழிந்த சட்டை. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் அன்னக்கொடி.

"மெலிஞ்சுட்டாரா தம்பி?"

"இல்ல மதினி."

"இருமல் நின்னுச்சா?"

"நின்னுருச்சு."

"என்னையக் கேட்டாரா?" கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கேக்காத நாளு இல்ல மதினி."

செல்லத்தாய் விடவில்லை. "அம்புட்டுப் பாசம் இருந்தா வரவேண்டியதுதான?"

"கோடைக்குள்ள மெட்ராஸுக்குக் கரண்டு விட்டாகணுமாம்க்கா. லீவு குடுக்க மாட்டேங்கிறாக" என்றாள் அன்னக்கொடி.

"இந்தத் தம்பிக்கு மட்டும் குடுத்தாகளாக்கும்? அங்க ஒரு குடும்பம் வச்சிருப்பாருடி" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள் செல்லத்தாய்.

சவரியப்பனுக்குச் சுருக்கென்றது. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கையடித்துச் சத்தியம் வாங்கித்தான் அனுப்பியிருந்தான் முத்திருளன். அதற்காக இந்தப் பழியைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா?

"மதினி, லீவு அண்ணனுக்குத்தான் குடுத்தாக. ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் போகலாம்னுட்டாக. என் வீட்டுக்காரி இன்னாசிக்கு இது பேறுகால மாசம்னு அண்ணன் எனக்கு விட்டுக் குடுத்துட்டாரு. உங்க பொங்கலப் பிடுங்கிக்கிட்டு வந்து நிக்கிறேன்."

அவள் கண் நிறைந்தது. ஆனால் முகத்தில் திகைப்பு இல்லை.

"எம் மூத்தது பொறக்கையில அவரு பக்கத்துல இல்ல தம்பி. நான் பட்டத இன்னாசி படக்கூடாது. ஆவணியில வந்தப்பவே, லீவு ஒருத்தருக்குத்தான்னா தம்பிய அனுப்பிருங்கன்னு அவருகிட்டச் சொல்லி அனுப்புனதே நாந்தான்."

சட்டையின் கிழிசலை விரலால் நீவினாள்.

"சொன்னவ நாந்தான். இருந்தும் இன்னைக்கு அவருக்கும் சேத்துத்தான் தம்பி உலை வச்சேன்."