செஸ் ஆட எதுக்கு வாத்து நடை?

"செஸ் ஆடறதுக்கு எதுக்கு டாக்டர் வாத்து மாதிரி நடக்கணும்?"

கேட்டவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டியபடியே மகளோடு கிளினிக்குக்கு வந்திருந்தார். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"செஸ் விளையாட்டா, இல்லையா?"

"விளையாட்டுதான்."

"ஸ்கூல் டீம்ல விளையாடணும்னா உடல் பரிசோதனை உண்டு. உடல் பரிசோதனைன்னா குந்தி உக்காந்து வாத்து நடை நடந்து காட்டணும்."

"குதிரையை நகர்த்தறதுக்கு முட்டி எதுக்குங்க? எந்தப் புத்திசாலி இப்படி ரூல் போட்டான்? நாளைக்கே ஸ்கூலுக்குப் போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கறேன்."

"அப்பா, பரிசோதனை பண்ணலைன்னா என்னை டீம்லேர்ந்து எடுத்துடுவாங்க" என்றாள் மகள், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

மகள் செஸ் டீமில் இருப்பதுதான் அவருக்குப் பெருமை. லிஃப்டில் மாட்டிக்கொண்டு உள்ளே அலறுகிறவர்களிடம்கூட, அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

"சரி, நடம்மா."

"பயமா இருக்கு. நீங்க முதல்ல நடங்க."

"நானா?"

"அப்பா செஞ்சு காட்டினா குழந்தைக்குத் தைரியம் வரும்" என்றார் டாக்டரம்மா.

எனக்குப் போய் இப்படி ஒரு தொடைநடுங்கியா என்று மனதுக்குள் நொந்துகொண்டு, பையை இறக்கி வைத்துவிட்டுக் குந்தினார். தத்தித் தத்தி மேஜை முனைவரை போனார். அங்கே குடை சாய்ந்து, குப்பைக் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூச்சு துருத்தி மாதிரி வாங்கியது.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், அசல் வாத்து தோற்றுப்போகும்.

"பயம் போச்சா?"

"இதுக்குப் போச்சு. எடை மெஷின் குத்துமா?"

"எடை மெஷின் எங்கேயாவது குத்துமா?"

"ஏறிக் காட்டுங்க."

ஏறினார். முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து டாக்டரம்மா "ம்" என்றார்.

அடுத்து ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. அது கையைக் கடிக்குமோ என்று மகளுக்குச் சந்தேகம். அப்பா கையை நீட்டினார். டாக்டரம்மா காற்றடித்துப் பார்த்தார். "ம்ம்" என்றார்.

"அந்தக் கையையும் கொடுங்க."

"அது எதுக்கு?"

"வெள்ளைக் காய்க்கு ஒரு கை, கறுப்புக் காய்க்கு ஒரு கை."

தலையில் அடித்துக்கொண்டு அந்தக் கையையும் கொடுத்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப் அவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. எழுந்திருக்கவே இல்லை.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

"நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. மாடிப்படிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"லிஃப்ட் ஓடலைன்னாத்தானே அப்பாவைக் கூப்பிடுவாங்க?" என்றாள் மகள். "அப்போ படிதான். மாடிக்கு மாடி உக்காந்து உக்காந்துதான் போறாராம். கூட வேலை பாக்கற மாமா அம்மாகிட்ட சொன்னார். அம்மா அன்னிக்கு முழுக்கச் சாப்பிடலை."

"நீ சும்மா இரு!"

"கடைசியா எப்போ டாக்டர்கிட்ட காட்டினீங்க?"

"எனக்கு என்ன வந்தது? கல்லு மாதிரி இருக்கேன். வீட்டுக்காரியும் நச்சரிச்சுப் பாத்து ஓஞ்சுட்டா. இந்தப் படியை நான் மிதிச்சதே இவளுக்காகத்தான்."

"ஒரு லிஃப்டுல வித்தியாசமா சத்தம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அப்பவே நிறுத்திருவேன். வருஷா வருஷம் சோதனை பண்ணாத லிஃப்டை நான் ஓடவே விடமாட்டேன். மனுஷன் உயிராச்சே டாக்டர்!"

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். மகளும் டாக்டரம்மாவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தான் சொன்னது அப்புறம்தான் அவர் காதிலேயே விழுந்தது.

"உங்க நெஞ்சுலயும் சத்தம் வருது. ரத்த அழுத்தம் மொட்டைமாடியில நிக்குது. மருந்து ஆரம்பிச்சா கீழே இறக்கிடலாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நான் இப்படிச் சிரிச்சுப் பேசிட்டிருக்க மாட்டேன். பக்கத்து ரூமுக்குப் போங்க, நர்ஸ் ஈசிஜி எடுப்பாங்க."

போய்ப் படுத்தார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்த நர்ஸிடம், "அந்த ஸ்கூல்காரங்க நல்லா இருக்கணும். ரூல் கிறுக்குத்தனமா இருந்தாலும் இன்னிக்கு என்னைக் காப்பாத்திடுச்சு. நாளைக்கே போய் நன்றி சொல்லணும்" என்றார்.

எல்லாம் முடிந்து, ஸ்பேனர் பையை எடுக்கத் திரும்பி வந்தார். டாக்டரம்மா அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம்.

"செஸ்ஸுக்கு உடல் பரிசோதனைன்னு எந்த ஸ்கூல்லயும் கேக்க மாட்டாங்களே! உங்க அம்மா போன் பண்ணிச் சொன்னப்போ, இதை யாரு நம்புவாங்கன்னுதான் நினைச்சேன். அப்பா எப்படி நம்பினார்?"

மகளின் குரல் நிதானமாகக் கேட்டது.

"ராஜாவுக்கு ஆபத்துன்னு சொன்னா எங்க அப்பா மூலையை விட்டு நகரமாட்டார் டாக்டர். சிப்பாய்க்கு ஒண்ணுன்னாத்தான் ஓடி வருவார்."