டிவிக்குக் கீழே ஒரு குடம்

வரலாறு எழுந்து நின்று கேட்கவேண்டிய செய்தி இது: எங்கள் தெருவுக்குக் குடிநீர் வந்துவிட்டது. தொலைக்காட்சியிலேயே காட்டினார்கள். மாலை போட்ட புதுக் குழாயில் எங்கள் தெருப் பூங்காவனம் சிரித்துக்கொண்டே குடம் பிடித்தாள். சிரிப்பு சரியாக வரும்வரை அதே தண்ணீரைப் குழாய்க்குப் பின்னால் இணைத்திருந்த டிரம்மில் திருப்பி ஊற்றிப் படமெடுத்தார்கள். முடிந்ததும் டிரம் வண்டியேறியது. குழாய் காய்ந்தது.

பூங்காவனம் காலிக் குடத்தோடு குடிநீர்ப் பொறியாளரின் அறைக்குப் போனாள்.

“தண்ணி வரலைன்னு எப்படிம்மா சொல்றே? நீயேதானே புடிக்கிறே, பாரு!” என்று அவர் சுவரிலிருந்த டிவியைக் காட்டினார்.

அவள் குடத்தை டிவிக்கு நேர்கீழே வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன பண்றே?”

“இங்கதான் வருதே சார். ரொம்பட்டும், தூக்கிட்டுப் போறேன்.”

செய்தி திரும்பத் திரும்ப ஓடியது. திரையில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. “எழுந்திரும்மா” என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்ட பொறியாளர், மணியடித்துக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். உதவியாளர் வெறும் டம்ளரோடு வந்து நின்றார்.

“குழாய்ல வரலை சார்.”

அலுவலகம் இருப்பதும் எங்கள் தெருவில்தான்.