அய்யாதுரையின் நெஞ்சுவலி

அய்யாதுரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தன் பட்டாசுக் கடை வாசலில் சாய்ந்தபோது, அவர் மனைவி பாலம்மாள் காபி டம்ளரைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"ஆரம்பிச்சாச்சு" என்றாள்.

மகன் மணிகண்டராஜ் சிரித்தான்.

சிரிக்காமல் என்ன செய்வான்? வீட்டில் யார் எதிர்த்துப் பேசினாலும் அய்யாதுரைக்கு நெஞ்சு வலிக்கும். பாலம்மாள் தாயில்பட்டிக்குத் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினால் வலிக்கும். மகன் புது பைக் கேட்டால் வலிக்கும். அவர் நினைத்தது நடந்ததும் எழுந்து உட்கார்ந்து சோடா கேட்பார்.

இன்றைக்கு மருமகள் சுகிர்தா, "சீசன் நேரம் மாமா, நானும் கல்லாவுல உக்கார்றேன்" என்றாள்.

"நம்ம வீட்டுப் பொம்பள கல்லாவுல..." என்றவர், அதை முடிக்காமலே சாய்ந்துவிட்டார்.

சுகிர்தா மட்டும் துள்ளி எழுந்தாள். எப்பவும் அவள்தான். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் இதய ஷாக் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். எதிர்க்கடையில் ஏசி போட்டார்கள் என்று போட்டிக்கு அய்யாதுரை வாங்கிய மெஷின் அது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்ததோடு சரி. சுகிர்தா அதைத் திறக்கிற சத்தம் கேட்டதும் மாமனார் கண்ணைத் திறந்துவிடுவார்.

"லூசு, இன்னைக்கும் ஏமாந்துட்டா" என்று வீடே சிரிக்கும்.

இன்றைக்கு அவள் முதலில் தோளைத் தட்டினாள். "மாமா! மாமா!"

பதில் இல்லை. தொண்டையிலிருந்து விட்டுவிட்டு 'கர்... கர்...' என்று சத்தம் மட்டும் வந்தது.

"பாருடா, நடிக்கப் போயி தூங்கிட்டாக. கொறட்டை!" என்றாள் பாலம்மாள்.

"இது கொறட்டை இல்ல அத்தை. மூச்சு நிக்கப் போவுது!" சுகிர்தா அவர் நடுநெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தாள். "ஏங்க, நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க! மெஷின எடுங்க!"

"பட்டாசுக் கடையில கரண்டு வைக்கப் போறியா?" என்றான் மணிகண்டராஜ்.

"மாமா வாசல்லதான கெடக்காக? எடுங்கன்னா!"

மணிகண்டராஜ் போனைக் காதில் வைத்துக்கொண்டே மெஷினை எடுத்துக் கொடுத்தான். அவள் சட்டையைக் கத்தரித்தாள், வியர்வையைத் துடைத்தாள், பட்டைகளை நெஞ்சில் ஒட்டினாள்.

"ஐயோ, தீவாளிச் சட்டை!" என்றாள் பாலம்மாள்.

மெஷின் பேசியது: "யாரும் தொட வேண்டாம். ஷாக் தேவை."

பாலம்மாள் கையிலிருந்து டம்ளர் விழுந்தது.

சுகிர்தா எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். அய்யாதுரை உடம்பு தூக்கிப் போட்டது. அவள் மறுபடி நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் முனகிக்கொண்டிருந்தார்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்த அன்றைக்கு அய்யாதுரை மனைவியையும் மகனையும் முறைத்தார்.

"நான் சாகக் கெடக்கேன், நீங்க காபி குடிக்கீக! இந்தப் பிள்ள ஒண்ணுதான் என்னைய நம்புச்சு. ஒவ்வொரு தடவையும் நம்புச்சு." அவர் மருமகள் பக்கம் திரும்பினார். "தாயி, இனிமே கல்லாவுல நீதான்."

"சரி மாமா. ஆனா நான் ஒரு தடவை கூட நம்பல."

"என்னது?"

"நடிக்கும்போது வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான விழுவீக? மொத தடவையே தெரிஞ்சுபோச்சு."

பாலம்மாளுக்குச் சிரிப்பு முட்டியது. அய்யாதுரைக்கு முகம் சுண்டிப்போனது.

"அப்ப எதுக்குத் தாயி அம்புட்டுத் தடவையும் மெஷினத் தூக்கிட்டு ஓடி வந்த?"

"நெசமா வர்ற அன்னிக்குக் கை நடுங்கக் கூடாதுல்ல மாமா? நீங்க விழ விழ நான் பழகிக்கிட்டேன்."