பேர் வைக்காத பிள்ளை

பொன்னேரியில் ரயிலேறிய பச்சையம்மா, எதிரே கைவிலங்கோடு இருந்த சிப்பாயைப் பார்த்ததும் கைக்குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"தள்ளி உக்காரும்மா. கைதிகிட்ட யாரையும் அண்ட விடக் கூடாதுன்னு எனக்கு ஆர்டர்," என்றார் துப்பாக்கியோடு காவலுக்கு வந்த ராணுவக்காரர் ராஜமாணிக்கம்.

"எத்தினி பேரைக் கொன்னான்?"

"யாரையும் கொல்லல. அதான் குத்தம். அரிசி கோடவுன்ல இவன் காவல். பசின்னு உள்ள பூந்த கூட்டத்தைச் சுடச் சொன்னாங்க. முன்னால நின்னவ இடுப்புல கொழந்தை. துப்பாக்கியைக் கீழ வெச்சிட்டான்."

பச்சையம்மா சட்டென்று எழுந்து, விலங்கிட்ட அந்தக் கைகளில் குழந்தையைக் கிடத்தினாள்.

ராஜமாணிக்கம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"புள்ளைக்கு இன்னும் பேரு வெக்கல. உம் பேரு இன்னா, நைனா?"