பாதி ஏறிய கண்ணாடி

ஜன்னல் கண்ணாடி, மரச்சட்டத்தின் மேல்பக்கத்துப் பள்ளமான காடிக்குள் பாதி ஏறி நின்றுவிட்டது.

வண்டிக்கு வெளியே நான். உள்ளே முட்டி போட்டபடி என் மனைவி ஐலி. அவள் இரண்டு கையாலும் அடியைத் தாங்கியிருந்தாள். நான் இரண்டு கையாலும் ஓரங்களைப் பிடித்திருந்தேன்.

"தள்ளாதே. சும்மா பிடி," என்றேன்.

"நான் சும்மாதான் பிடிச்சிருக்கேன் கிழவா. நீதான் தள்ளறே."

தள்ளத்தான் செய்தேன், கவனம் கண்ணாடியில் இல்லை. அவள் மார்பிலிருந்த கட்டியிலிருந்து துளி கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நல்லதா கெட்டதா என்று இன்றைக்குப் போனில் சொல்வதாக ஆஸ்பத்திரியில் பேச்சு. ஐலி வரும்போது கொண்டுவந்த போன் எனக்குப் பின்னால் வேலை மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. காலையிலிருந்து என் காது அந்தப் போனிலேயே இருந்தது.

வண்டி நாற்பத்தேழாம் வருடத்து ஸ்டேஷன் வேகன். கதவுகளும் பக்கங்களும் மரம். மிச்சிகனில் எங்கள் பக்கத்துக் காட்டில் வெட்டி, எங்கள் பக்கத்து ஆலையில் அறுத்த மரம். அதனாலேயே இந்த ஊரில் இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவனுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எனக்குக் கொஞ்சம் அதிகம்.

பின் ஜன்னல் கண்ணாடி, கடை அலமாரிக் கண்ணாடி மாதிரி பக்கவாட்டில் ஓடும்; மாட்டும்போது முதலில் மேல் காடிக்குள் ஏற்றி, பிறகு கீழ்க் காடியில் இறக்க வேண்டும். அது ஓடுகிற வெல்வெட் வைத்த சேனல் நைந்து போயிருந்தது. புதுச் சேனலை அளந்து அறுத்து, மரத்தின் காடிக்குள் பொருத்தி, ஆணித் தலைகள் வெல்வெட்டுக்குள் அமுங்குகிற வரை அடித்திருந்தேன். தலை துளி வெளியே நின்றாலும் கண்ணாடியைக் கீறிவிடும்.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஒன்றைத் தவிர.

வண்டிக்கு வார்னிஷ் அடிக்கும்போது மற்றவர்கள் காடியின் வாயை டேப் ஒட்டி மறைத்துவிடுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. தண்ணீர் இறங்கி மரம் உளுத்துவிடக் கூடாதென்று வருடா வருடம் காடிக்குள்ளும் சேர்த்துத் தீற்றினேன். பழைய வண்டிக்காரர்கள் கிளப்பில் எல்லாரிடமும் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். ஏறிப்போன வார்னிஷ் காடியைக் குறுக்கிவிட்டது. அதில் இறுகிய புதுச் சேனல் இப்போது கண்ணாடியைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்றது.

மேலே தள்ளினால் மூலை தெறிக்கும். இழுத்தால் வெல்வெட் உரிந்து வரும். யாராவது ஒருவர் கையை எடுத்தால், கனத்தில் வெல்வெட்டையும் பிய்த்துக்கொண்டு கண்ணாடி தரைக்குப் போய்விடும்.

வேறு கண்ணாடி வெட்டிப் போடலாம்தான். ஆனால் இதன் மூலையில் பழைய தொழிற்சாலை முத்திரை இருக்கிறது. பழைய வண்டிக் கண்காட்சியில் நடுவர்கள் மூக்கை ஒட்டவைத்துப் பார்ப்பது அதைத்தான்.

"இத்தனை வார்னிஷ் பூசினது யாரு, நானா?" என்றாள் ஐலி.

"இப்ப அதுவா முக்கியம்? வாயை மூடிக்கிட்டுப் பிடிக்கறியா, தாயே?"

அவள் சிரித்தாள். அந்த நேரத்தில் அவளால் எப்படிச் சிரிக்க முடிகிறதென்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இந்த ஷெட்டில் ஒரு திருகாணியைத் தொட்டதில்லை. நான் தொட விட்டதில்லை என்பதும் உண்மை. இன்று அவளாகவே வந்து, "அந்த ஜன்னலை முடிச்சிடலாம், வா" என்றாள். பயத்தில் வந்திருக்கிறாள், கைக்கு ஒரு வேலை இருந்தால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று பார்க்கிறாள் என நினைத்துக்கொண்டேன். எனக்கும் அதுதான் தேவைப்பட்டது.

போன் அடித்தது.

மேஜைமேல் கிடந்து அதிர்ந்தது. ஒரு கையை விட்டு எட்டினாலும் கிடைக்காத தூரம்.

"விட்டுடு," என்றேன்.

"என்னது?"

"கண்ணாடியை விட்டுடு ஐலி. உடைஞ்சா உடையட்டும். போனை எடு."

நானா சொன்னேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை. அவள் விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"எடுடீ! அவங்கதான்!"

"அவங்க இல்ல. லெம்பியா இருக்கும்." லெம்பி அவள் தங்கை. "ஆஸ்பத்திரியிலேர்ந்து காலையிலேயே பேசிட்டாங்க. நீ இங்க சேனல் அறுத்துக்கிட்டு இருந்தே."

போன் அடித்து ஓய்ந்தது.

"என்ன சொன்னாங்க?"

"நல்ல சேதின்னா உன் ரம்பச் சத்தத்துக்கு மேல கத்திக்கிட்டு ஓடி வந்திருக்க மாட்டேனா?"

கண்ணாடியின் விளிம்பு என் உள்ளங்கையில் அழுந்தியது. விடவும் முடியவில்லை, அவளைத் தொடவும் முடியவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா அந்த நிமிஷத்துலேர்ந்து நீ என்னைத் தாங்க ஆரம்பிச்சிடுவ. மெதுவாப் பேசுவ. நான் எது சொன்னாலும் சரிம்ப. அதுக்கு முன்னாடி, இன்னைக்கு ஒரு பகலாவது உன்கிட்ட எப்பவும் போல சண்டை போடணும்னு இருந்துச்சு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் காத்திருந்தாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. என்னென்னவோ தேடி, கடைசியில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணாடி பூரா உன் விரல் ரேகை அப்பிக் கிடக்கு பாரு!" என்று கத்தினேன். "அதையெல்லாம் யாரு துடைக்கறது?"

கத்தல் பாதியில் உடைந்துவிட்டது.

"நீதான்," என்றாள் ஐலி.